மெழுகுவர்த்தி ஆராதனையும் மார்கழி இருளும்

வருகைக் காலம் தொடங்குமுன்பே நம் சேகரங்களில் கிறிஸ்மஸ் மாத நிகழ்ச்சி நிரல் முடிவாகிவிடுகிறது. ஞாயிறு பள்ளி விழா, பெண்கள் ஐக்கிய சங்க விழா, வீடுதோறும் செல்லும் கீத பவனி, கிறிஸ்மஸ் தாத்தாவின் வருகை என அந்நிரல் நீளும். மெழுகுவர்த்தி ஆராதனையும் இப்போது அவற்றோடு சேர்ந்துகொண்டது. முன்னர்ப் பெருநகரப் பேராலயங்களிலும் கல்லூரிச் சிற்றாலயங்களிலும் மட்டுமே காணப்பட்ட இவ்வழிபாடு இன்று சிற்றூர்ச் சபைகளுக்கும் வந்துவிட்டது. வந்தது குறித்து நமக்கு வருத்தமில்லை. ஆரவாரமே மிகுந்துவிட்ட ஒரு மாதத்தில் ஒரு மணி நேரமாவது அமைதியாக அமர்ந்து திருமறையைக் கேட்க இறைமக்கள் விரும்புகின்றனர் என்பது நல்ல அறிகுறியே. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களுக்கு நாம் எதைக் கொடுக்கிறோம் என்பது ஆராயப்படவேண்டியது.

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில், வன்னியம்பட்டியை அடுத்த ஒரு சபைக்கு வார இறுதி ஊழியத்திற்குச் சென்றுவரும் மாணவர் ஒருவர், தாம் அமைத்த மெழுகுவர்த்தி ஆராதனை முறைமையைச் சென்ற ஆண்டு நம் பார்வைக்குக் கொண்டுவந்தார். டிசம்பர் 23 மாலை ஆறரை மணிக்கு ஆராதனை தொடங்கும். மின்விளக்குகள் அணைக்கப்படும். ஆயர் பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றுவார். அதிலிருந்து சேகரக் கமிட்டியாரும், அவர்களிடமிருந்து சபையாரும் ஏற்றிக்கொள்வர். ஒன்பது திருமறைப் பகுதிகள் வாசிக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு பாடல். அவற்றுள் ஐந்து ஆங்கிலப் பாடல்கள், நான்கு பாமாலைகள். சிறிய அருளுரைக்குப்பின் அனைவரும் மெழுகுவர்த்தியை உயர்த்திப் பிடித்து ஒரு பாடல் பாடுவர். மின்விளக்குகள் எரியும். நன்றியுரை, கேக். 'இதில் குறை ஏதும் உண்டா?' என்பது அவர் வினா.

அச்சுப்பிழைகூட இல்லாத அத்தாளில் குறை காண்பது எளிதன்று. எங்கும் நடைபெறுவது இதுவே. ஆகவே நாம் இங்கு ஆராயப்போவது அம்மாணவரின் திறமையை அன்று. அவருக்கு நாம் கற்றுக்கொடுத்த மாதிரியை.

அம்மாதிரியின் வரலாறு அறியப்பட்டதே. 1880-ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு முந்திய இரவு, இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில் பேராயராயிருந்த எட்வர்ட் வைட் பென்சன், ஒன்பது திருமறைப் பகுதிகளையும் பாடல்களையும் கோத்த ஓர் ஆராதனையை நடத்தினார். அப்போது ட்ரூரோவில் பேராலயம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஆராதனை நடந்த இடம் தற்காலிகமான ஒரு மரக்கொட்டகை. அவ்விரவில் மக்களைக் குடிக்கடைகளிலிருந்து விலக்கிவைப்பதும் அவர் நோக்கமாயிருந்தது என்று சொல்லப்படுவதுண்டு. 1918-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் சிற்றாலயத்தில் எரிக் மில்னர்-வைட் என்பவர் அதனைத் தழுவிப் புதிய முகவுரை மன்றாட்டு ஒன்றுடன் அமைத்தார். 1928-இல் அது வானொலியில் ஒலிபரப்பப்பட்டது. உலகமெங்கும் பரவியது அதன் பின்னரே.

இவ்வரலாற்றில் நாம் பெரும்பாலும் கவனியாது விடுவது அந்த 1918 என்னும் ஆண்டை. போர் முடிந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன. மில்னர்-வைட் போர்முனையில் படைக் குருவாய்ப் பணியாற்றித் திரும்பியவர். அச்சிற்றாலயத்தில் அமர்ந்திருந்திருக்க வேண்டிய இளைஞர் பலர் பிரான்சின் மண்ணில் புதைக்கப்பட்டிருந்தனர். அவர் எழுதிய முகவுரை மன்றாட்டு ஏழைகளையும் பசித்தோரையும் துயருற்றோரையும் முதலில் நினைவுகூர்கிறது. பின்னர், மரித்து வேறோர் ஒளியில் சேர்ந்துவிட்டோரை நினைவுகூர்கிறது. அக்கூட்டத்தில் யார் யாரை நினைத்து விம்மினர் என்பதை விளக்கவேண்டிய தேவையே இருந்திராது. இருளின் பெயர் அனைவருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அவ்விளக்கின் ஒளி அவர்களுக்கு வெறும் அழகாய் நின்றுவிடவில்லை. நாம் அவ்வாராதனையின் ஒன்பது பகுதிகளையும் பாடல்களையும் மெழுகுவர்த்திகளையும் பெற்றுக்கொண்டோம். இருளை மட்டும் பெற்றுக்கொள்ளவில்லை. அதனைப் பிறரிடமிருந்து பெறவும் இயலாது. நாம் செய்வதெல்லாம் மின்பொத்தானை அமர்த்துவதே. 2012-ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்த ஒரு சிற்றூர்ச் சபைக்கு விளக்கணைத்தல் பக்தியுணர்வைத் தரும் என நாம் எவ்வாறு நம்பினோமோ தெரியவில்லை!

நேரத்தையும் நோக்குவோம். கிங்ஸ் கல்லூரியில் அவ்வாராதனை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்குகிறது. வடநாட்டுக் குளிர்காலத்தில், டிசம்பர் இறுதியில், அங்குக் கதிரவன் நான்கு மணிக்கு முன்னரே மறைந்துவிடுகிறான். வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் வழியே வரும் வெளிச்சம் ஒவ்வொரு பகுதியாக வாசிக்கப்படும்போது குறைந்து, யோவானின் முதல் அதிகாரம் வாசிக்கப்படுகையில் மெழுகுவர்த்திகள் மட்டுமே எஞ்சுகின்றன. அதாவது, வானமே அந்த ஆராதனை முறைமையின் ஓர் உறுப்பாகியிருக்கிறது. அதனை மாலை ஆறரை மணிக்கு நம் சிற்றாலயத்தில் நடத்தும்போது வெளியே ஏற்கெனவே இருட்டிவிடுகிறது. ஆராதனை முடியும்போதும் இருட்டாகவே இருக்கிறது. வானம் நம் முறைமையில் எப்பங்கும் வகிப்பதில்லை.

இதைவிட வியப்பானது, வானம் பங்குவகிக்கும் ஆராதனை ஒன்று நம்மிடமே இருப்பது. தென்மாவட்டங்களின் நம் சபைகளில் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் தலையாய ஆராதனை அதிகாலை ஆராதனையே. நான்கு மணிக்கோ நான்கரைக்கோ முதல் மணி அடிக்கும். பனியில் தலைக்குத் துண்டு கட்டிய முதியோரும், தூக்கம் கலையாத குழந்தைகளும், புத்தாடையின் கஞ்சி மணமுமாய்ச் சபை கூடும். திருவிருந்து முடிந்து வெளியே வரும்போது பொழுது விடிந்திருக்கும். இருளில் உட்புகுந்து ஒளியில் வெளியேறுதல்! மில்னர்-வைட் தம் நாட்டு வானத்தைக்கொண்டு செய்ததை நம் முன்னோர் தம் நாட்டு வானத்தைக்கொண்டு தாமறியாமலே செய்துவைத்திருந்தனர். லூக்கா 1:78-இல் சகரியா பாடும் சொல்லுக்கு நம் பழைய திருமறை மொழிபெயர்ப்பு 'அருணோதயம்' என்ற சொல்லை இட்டது. அச்சொல்லுக்கு இதனினும் பொருத்தமான விளக்கவுரை எப்பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

ஆயினும், மெழுகுவர்த்தி ஆராதனை என்றதும் நாம் அந்த அதிகாலையை நினைப்பதில்லை. அதனைப் பழைய வழக்கம் என ஒருபுறம் வைத்துவிட்டு, புதிய தியான ஆராதனைக்கு மாலையில் தனி நாள் குறிக்கிறோம். நம் முதல் குறை இதுவே.

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் விடியற்காலத்திற்கு வேறொரு வரலாறும் உண்டு. கிறிஸ்மஸ் ஏறத்தாழ மார்கழி பத்தாம் நாளில் வருகிறது. அம்மாதம் முழுவதும் அவ்வூரில் விடியுமுன் ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. ஆயர்குலப் பெண்கள் ஒருவரையொருவர் துயிலெழுப்பி நீராடப் புறப்படுவதாய் அமைந்த அம்முப்பது பாசுரங்களும் பிறந்த ஊரே அது. நம் சபையார் அதிகாலை ஆராதனைக்கு நடந்துசெல்லும் அதே நேரத்தில், அடுத்த தெருவில் இன்னொரு கூட்டம் பாடிக்கொண்டு நடக்கிறது. அதனைக் கேட்டு நாம் கடன் வாங்கவேண்டும் என்று கூறவில்லை. ஒப்பிட்டு உயர்வு தாழ்வு பேசவும் வரவில்லை. ஆனால் தமிழர் இருவகைப் பக்தியிலும் இறைவனைத் தேடும் நேரமாக விடியற்காலத்தையே தேர்ந்துகொண்டனர் என்பதை ஆராதனை அமைக்கும் மாணவர் அறிந்திருக்கவேண்டும். விழித்தெழுதலும் காத்திருத்தலும் வருகைக் காலத்தின் பொருளே அன்றோ?

அதே நேரத்திற்கு மூன்றாவது வரலாறும் ஒன்று உண்டு. அது பாடல் இல்லாதது. சிவகாசியில் 1923-இல் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில், மழை பொய்க்கும் இக்கரிசல் வட்டாரம் முழுவதற்கும் பிழைப்பாயிற்று. தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள் விடியுமுன்னே சிற்றூர்களுக்கு வந்து, உறங்கும் குழந்தைகளை எழுப்பி ஏற்றிச்சென்றதை 1980-களின் ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சென்ற அக்குழந்தைகளில் நம் சபைகளின் குழந்தைகளும் இருந்தனர். 1986-இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10 அன்று, எம். சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், சிவகாசிக் குழந்தைகளை முன்னிட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அந்நிலை இன்று பெருமளவு மாறிவிட்டது. அதற்காக நாம் கடவுளைத் துதிக்கிறோம். ஆனால் அன்று வண்டியேறிய குழந்தைகளே இன்று நம் சபைகளில் நடுத்தர வயது அடைந்த தாய்மாராய், சபைச் சங்கத்து உறுப்பினராய் அமர்ந்திருக்கின்றனர். அதிகாலையில் எழுப்பப்படுதல் என்பது அவர்கள் உடல் அறிந்த நினைவு. அவர்களுக்கு முன்பாக நாம் விளக்கை அணைத்து ஏற்றுகிறோம்.

நெருப்பைப் பற்றியும் அவர்கள் நம்மைவிட அதிகம் அறிவர். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிபட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 35-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் உயிரிழந்தனர். இவை நாளிதழ்களின் முதற்பக்கத்திற்கு வந்தவை. வராதவை ஆண்டுதோறும் உள்ளன. 'பற்றிக்கொண்டது' என்ற ஒரு சொல் இவ்வட்டாரத்தில் எவ்வாறு கேட்கும் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

இங்கு ஒரு சொல்லாய்வைச் செய்வது பயனுடையதாகும். யோவான் 1:5-இல் இருள் ஒளியை என்ன செய்யவில்லை என்று கூறும் கிரேக்க வினைச்சொல்லுக்கு, அறிந்துகொள்ளுதல், மேற்கொள்ளுதல் என்னும் இரு பொருளும் உண்டு. விளக்கவுரையாசிரியர்கள் இவற்றுள் எது எனப் பலகாலமாய் வாதிடுகின்றனர். நம் பழைய மொழிபெயர்ப்பு 'பற்றிக்கொள்ளுதல்' என்ற வினையை இட்டது. பிடித்துக்கொள்ளுதல் என்பதே அங்கு நேர்ப்பொருள். ஆனால் தமிழ்ச் செவிக்கு அச்சொல்லில் நெருப்பு மூண்டு பரவுதலும் கேட்கும். உயிர் தரும் ஒளியும் உயிர் கொல்லும் நெருப்பும் ஒரே வினைச்சொல்லுக்குள் நிற்கின்றன. ஒன்பதாம் பகுதியாக இவ்வதிகாரத்தை வாசித்து, உடனே பாட்டுக்குத் தாவிவிடும் நம் வழக்கம் எத்தகைய இழப்பு என்பது இதனால் விளங்கும். சிவகாசி வட்டாரத்து ஆயர் ஒருவர் இவ்வொரு சொல்லின்மேல் ஐந்து நிமிடம் பேசினால் போதும். வேறு அருளுரை தேவைப்படாது.

திருமறைப் பகுதிகளின் தேர்வுக்கு வருவோம். நம் கருத்து வேறுபாடு இங்குதான் கூர்மையடைகிறது. கேம்பிரிட்ஜில் வழங்கும் வரிசையில் மூன்றாவது பகுதி ஏசாயா ஒன்பதாம் அதிகாரம். அதன் 2, 6, 7 ஆகிய வசனங்களே வாசிக்கப்படுகின்றன. இருளில் நடந்தோர் ஒளியைக் கண்டது 2-ஆம் வசனம். பாலகன் பிறந்தது 6-ஆம் வசனம். இடையில் விடப்பட்டவை எவை? அறுவடையின் மகிழ்ச்சி, தோளின்மேலிருந்த நுகத்தடி முறிக்கப்பட்டது, ஒடுக்கினவனின் கோல் ஒடிக்கப்பட்டது, இரத்தத்தில் தோய்ந்த உடைகள் நெருப்புக்கு இரையானது. அதாவது, ஒளி என்ன செய்தது என்பதைக் கூறும் வசனங்களே விடப்பட்டுள்ளன. அவை நீங்கினால், ஒளி தோன்றிற்று, குழந்தை பிறந்தது என்ற இரண்டே எஞ்சும். நடுவில் யாருடைய தோளும் இல்லை, யாருடைய நுகமும் இல்லை.

எட்டாவது பகுதி மத்தேயு 2. அது 12-ஆம் வசனத்தோடு நிற்கிறது. ஞானியர் வேறு வழியாய்த் தம் நாடு திரும்பினர். ஆராதனையும் அவர்களோடு திரும்பிவிடுகிறது. ஏரோதின் வாளும், தேற்றரவு பெறாது அழும் ராகேலும் நான்கு வசனங்களுக்கு அப்பால் நிற்கின்றனர். அவர்கள் டிசம்பர் 28-க்கு உரியவர்கள் என்று திருச்சபை நாட்காட்டி கூறும். ஆனால் டிசம்பர் 28-இல் நம் சிற்றூர்ச் சபைகளில் எவை நடைபெறுகின்றன என்பது நமக்குத் தெரியும்: பந்தல் பிரிக்கப்படும், பாத்திரம் கணக்கிடப்படும். மரியாளின் பாட்டுக்கோ அந்த ஒன்பதில் இடமே இல்லை. தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதையும் செல்வர் வெறுமையாய் அனுப்பப்படுவதையும் பாடிய ஒரு சிற்றூர்ப் பெண்ணின் பாடல் அது. வன்னியம்பட்டிப் பகுதியின் பெண்களுக்கு அதனை வாசியாது வேறெதை வாசிப்போம்?

மில்னர்-வைட்டை நாம் குறைகூறவில்லை. அவர் கூட்டத்திற்கு வாளைப் பற்றி வாசித்துக் காட்டவேண்டிய தேவையில்லை. வாளிலிருந்து தப்பியவர்களே அங்கு அமர்ந்திருந்தனர். ஓரிடத்தில் இரக்கத்தால் விடப்பட்ட வசனங்கள், இன்னோரிடத்தில் பழக்கத்தால் விடப்படும்போது மறைப்பாகிவிடுகின்றன. ஒன்பது என்ற எண்ணுக்கும் புனிதம் எதுவுமில்லை. அதிகாலைக் குளிரில் தரையில் அமர்ந்திருக்கும் சபைக்கு ஐந்து பகுதிகள் போதுமானவை. ஏசாயா 9-இன் முதல் ஏழு வசனங்கள், லூக்கா 1-இல் மரியாளின் பாட்டு, லூக்கா 2-இல் மேய்ப்பர்கள், மத்தேயு 2 பதினெட்டாம் வசனம் வரை, யோவான் 1. இத்தேர்வும் மாற்றத்தக்கதே. விடப்பட்டது எது, ஏன் விடப்பட்டது என்று கேட்கும் பழக்கமே மாணவர்க்கு வேண்டுவது.

மேய்ப்பர்களைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. அறுவடை முடிந்த நிலங்களில் ஆட்டுக்கிடை போட்டு, இரவெல்லாம் கம்பும் கம்பளியுமாய்க் காவலிருப்போரை இவ்வட்டாரம் நன்கறியும். இரவுப் பணியிலிருந்தோர்க்கே நற்செய்தி முதலில் அறிவிக்கப்பட்டது என்பதை லூக்கா எவ்வித அலங்காரமுமின்றிக் கூறிவிடுகிறார். இராஜபாளையத்து நூற்பாலைகளில் இரவு முறை பார்க்கும் பெண்கள் நம் மாலை ஆராதனைக்கு வர இயலாதவர்கள். அவர்களுள் சிலர் அதிகாலை ஆராதனையின் பிற்பகுதிக்கேனும் பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து சேர்வர். கடைசி வரிசையில் இடம் வைத்திருக்கவேண்டும்.

வாசிப்பவர் யார் என்பதிலும் பழைய முறையில் ஒரு நுட்பம் இருந்தது. ட்ரூரோவில் முதற்பகுதியைப் பாடகர் குழுவின் சிறுவன் வாசிக்க, படிப்படியாய் ஏறிக் கடைசிப் பகுதியைப் பேராயர் வாசித்தார். சிறியோரில் தொடங்கும் அவ்வொழுங்கு நம்மிடம் வந்தபோது, செயலர், பொருளாளர், நன்கொடையாளர் எனப் பதவிப் பட்டியலாக மாறிவிட்டது. யாருக்கு எந்தப் பகுதி என்பதில் மனத்தாங்கல்கூட எழுவதுண்டு. நாம் ஏறுவரிசையையும் வேண்டோம். மரியாளின் பாட்டைக் கூலிவேலை செய்யும் ஓர் இளம்பெண் வாசிக்கட்டும். எழுத்தறியாதவராயின் மனப்பாடமாய்ச் சொல்லட்டும். ஆயர் ஒரு பகுதியும் வாசியாது கேட்டுக்கொண்டிருப்பது அன்றைக்கு அவருக்கு நல்ல தியானமாகும்.

முதல் விளக்கு எங்கிருந்து ஏற்றப்படும் என்பதையும் நம் முறைமைகள் சிந்திப்பதில்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற எகேரியா என்னும் பெண்மணி, அங்கு மாலை விளக்கேற்றும் ஆராதனையில் நெருப்பு வெளியிலிருந்து கொண்டுவரப்படாமல், இரவும் பகலும் விளக்கெரியும் கல்லறைக் குகையின் உள்ளிருந்தே எடுத்துவரப்பட்டதாக எழுதியுள்ளார். மரித்தவர் எழுந்த இடத்திலிருந்து ஒளி வெளிவருகிறது. இவ்வட்டாரத்தில் நாம் இதற்கு இணையாக ஒன்றைச் செய்யலாம். முழு அமைதியில், தீப்பெட்டி ஆபீசில் வாழ்நாளைக் கழித்த ஒரு முதிய தாய் ஒரு தீக்குச்சியை உரசட்டும். அவ்வொலியைச் சபை முழுவதும் கேட்கும். அதற்குமேல் விளக்கம் வேண்டாம். அவரை ஒலிபெருக்கிமுன் நிறுத்தி அறிமுகப்படுத்தினால் எல்லாம் கெட்டது; அது ஆராதனை அன்று, மேடை நாடகம்.

பாடல்களைப் பற்றி நம் மாணவர்கள் மிகுதியும் கவலைப்படுகின்றனர். ஆனால் தவறான இடத்தில் கவலைப்படுகின்றனர். ஆங்கிலமா தமிழா என்பதன்று முதல் வினா. இருட்டில் பாட இயலுமா என்பதே. நான்கைந்து செய்யுள்களைக்கொண்ட பாமாலையைப் பாடப் புத்தகம் வேண்டும். புத்தகத்தை வாசிக்க வெளிச்சம் வேண்டும். ஆகவே தியானத்திற்கென ஏற்றிய மெழுகுவர்த்தி படிப்பு விளக்காகிவிடுகிறது. அனைவரும் தலைகுனிந்து எழுத்தைத் தேடுகின்றனர். இன்று பலர் கைப்பேசியைத் திறந்துகொள்கின்றனர். முகமெல்லாம் நீல வெளிச்சம்! நம் கீர்த்தனை மரபோ இருட்டிற்கென்றே அமைந்ததுபோன்றது. ஒருவர் சரணத்தைப் பாட, சபை பல்லவிக்குத் திரும்பும். புத்தகம் வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அது. அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டுப்புற மெட்டுகளை ஆராதனைக்குள் கொண்டுவந்ததன் பின்னணியிலும் இவ்வுணர்வு இருந்தது: மக்கள் கேட்டே கற்று, தமக்கேற்ப மாற்றிப் பாடத்தக்கதே மக்களின் பாடல். மூன்று பாடல்கள் போதும். தாளக்கருவிகளையும் மின்னிசைப் பெட்டியையும் விடியும்வரை மூடிவைப்பது நன்று.

'மெழுகுவர்த்தியே மேனாட்டுப் பொருள்தானே. அதற்குப் பதிலாக அகல்விளக்கு ஏற்றலாமே' என்று சிலர் கேட்பர். ஏற்றலாம். ஆனால் மெழுகை நீக்கி எண்ணெயை வைத்தவுடன் வழிபாடு நம் மண்ணுக்குரியதாகிவிட்டது என்று எண்ணுவது, கால்சட்டையைக் கழற்றி வேட்டி உடுத்தவுடன் ஒருவர் தமிழறிஞராகிவிட்டார் என்று எண்ணுவதுபோன்றது. குத்துவிளக்குகள் எத்தனையோ நம் ஆலயங்களுக்குள் வந்துவிட்டன. அவற்றை ஏற்றுவோர் வரிசையில் மட்டும் மாற்றமில்லை. மேலும், தீக்குச்சி நன்கு எரிவதற்காக அதன் மரத்தில் மெழுகு ஊட்டப்படுகிறது என்பதை இவ்வட்டாரத்துக் குழந்தையும் அறியும். மெழுகு அவர்களுக்கு அயற்பொருள் அன்று. அது அவர்கள் கூலியின் மணம்.

செய்முறையில் கவனிக்கவேண்டியவை சில உண்டு. எரியும் மெழுகுவர்த்தியைச் சாய்க்கக்கூடாது. எரியாததையே சாய்த்து ஏற்றவேண்டும். மெழுகு கையில் வடியாதிருக்க அட்டை வளையம் தேவை. பண்டிகைக்கென வாங்கிய செயற்கையிழைப் பாவாடைகளும், பெண்களின் தலைப்பூவும் தாவணியும் நெருக்கமாய் அமர்ந்த கூட்டத்தில் ஆபத்தானவை. ஓலைப் பந்தலின் கீழும் வண்ணக் காகிதத் தோரணங்களின் கீழும் கைவிளக்குகளை ஏற்றவே கூடாது. மணல் வாளியும் தண்ணீரும் கதவருகே இருக்கட்டும். நெருப்பினால் பிள்ளைகளை இழந்த ஊர்களில் இதனைச் சொல்லவேண்டியிருப்பதே நமக்குக் கூச்சமாயுள்ளது, எனினும் சொல்கிறோம். அறுபது பேர் கொண்ட சபையில் அறுபது மெழுகுவர்த்திகள் வேண்டுமென்பதும் இல்லை. குடும்பத்திற்கு ஒன்று போதும். அதனைத் தாய் பிடிக்க, பிள்ளைகள் பார்க்கட்டும்.

'கிறிஸ்மஸ் மகிழ்ச்சியின் பெருவிழா; அதனைத் துக்க வீடாக்கலாமா?' என்ற மறுப்பு எழும். எழவேண்டியதே. ஆண்டு முழுவதும் உழைத்து, சீட்டுப் பணத்தில் புத்தாடை எடுத்து, பிள்ளைகளுடன் வரும் மக்களிடம் நாம் துயரத்தைத் திணிக்கக்கூடாது. விபத்தில் மாண்டோரின் பெயர்ப்பட்டியலை மேடையில் வாசிப்பதும், கண்ணீரை வரவழைக்கும் அருளுரையும் வேண்டாம். நாம் கேட்பது ஒரே ஒரு இடைவெளி. மத்தேயு 2-இன் பதினெட்டாம் வசனம் வாசிக்கப்பட்டபின், பாடலோ ஜெபமோ இல்லாமல் மூன்று நிமிடம். மூன்று நிமிட அமைதி நம் சபைகளில் எவ்வளவு நீளமானது என்பதை நடத்திப் பார்த்தவர் அறிவர். ஒரு குழந்தை அழும்; யாரோ இருமுவர்; ஆயரின் கை தானாகவே ஒலிபெருக்கியை நோக்கிச் செல்லும். அதனை அவர் அடக்கிக்கொள்ளவேண்டும். அம்மூன்று நிமிடத்தில் அவரவர் தமக்குரியவரை நினைத்துக்கொள்வர். அதன்பின் வரும் பல்லவியில் உள்ள மகிழ்ச்சியை யாரும் திணிக்கவேண்டியிராது.

ஆகவே அம்மாணவருக்கு நாம் கூறியது, மாலை ஆராதனைத் தாளை ஒதுக்கிவைத்துவிட்டு, சபையில் ஏற்கெனவே உள்ள அதிகாலை ஆராதனையின் முற்பகுதியை எடுத்துக்கொள்ளும்படியே. டிசம்பர் இறுதியில் இவ்வட்டாரத்தில் கதிரவன் ஏறத்தாழ ஆறரை மணிக்கு உதிக்கிறான். ஐந்து மணிக்கு இருட்டிலேயே சபை அமரலாம். தீக்குச்சி உரசப்படுவதும், நான்கு பகுதிகளும், மூன்று பாடல்களும், அந்த அமைதியும் ஒரு மணி நேரத்திற்குள் அடங்கும். பின்னர் மின்விளக்கை ஏற்றாமலே திருவிருந்து. யோவான் 1 மட்டும் ஆலயத்திற்குள் வாசிக்கப்படாமல் வெளியே முற்றத்தில், மேற்கே மலையை நோக்கி நின்று வாசிக்கப்படட்டும். உதிக்கும் கதிரவனின் வெயில் சமவெளியை அடையுமுன் அம்மலைமுகடுகளில்தான் முதலில் விழும். அப்போது கையிலுள்ள மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தும் அதன் ஒளி தெரியாமற்போகும். யாரும் சொல்லாமலே மக்கள் அதனை ஊதி அணைத்துவிடுவர்.

கேக்கை என்ன செய்வது என்று அவர் கேட்டார். முற்றத்திலேயே கொடுக்கலாம் என்றோம். இரவு முறை முடிந்து வருவோருக்கு எடுத்துவைத்தபின்.